தென்னைக்கு அடியில் கட்டில் போடுவோமா? ரேடியோ விமானப் பாதுகாப்பு, புதிதாக வருபவர்களுக்கு

போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தோம். முற்றத்துக்கு மேலே வீடியோக்காரரின் ட்ரோன் வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஒரே இடத்தில் நின்றது. பக்கத்து இலைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்களும் ஞாயித்துக்கெழம கண்மாய்ல இதைத்தானே விடுறீக?"

"இது இல்லண்ணே. நாங்க விடுறது விமானம், றெக்கை வச்சது."

"எல்லாம் ஒண்ணுதான். கைய எடுத்தா அதுபாட்டுக்கு நிக்கப் போகுது. சிக்னல் போனா தானா திரும்பி வந்துரும். பொம்மைதானே."

அவர் சொன்னது மூன்று விஷயம். மூன்றும் தவறு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ரிமோட்டில் விமானம் பறக்கவிடும் எங்கள் குழுவில் சேர வருகிறவர்களில் பலர் இதே எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அன்றைக்கு ரசம் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

விமானம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. காரைக்குடியைக் கல்லூரிகளின் ஊராக்கிய அழகப்பச் செட்டியார், லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் வாங்கியவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தியவர். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்றும் கிடக்கிறது. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நாங்கள் அங்கே போவதில்லை. அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. எங்களுக்கு வாய்த்தது வற்றிய கண்மாய்த் தரையும், சுற்றிலும் சீமைக்கருவேலும், தள்ளி நிற்கும் பனைகளும்தான்.

நிற்கத் தெரிந்ததும் தெரியாததும்

கல்யாண வீட்டு ட்ரோனை மூன்று சக்கர வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுத்தாலும் நிற்கும். உள்ளே இருக்கும் உணர்கருவிகளும் ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்து, நான்கு விசிறிகளின் வேகத்தை நொடிக்குப் பல முறை மாற்றி அதை ஒரே இடத்தில் பிடித்து வைக்கின்றன. ஓட்டுபவர் காபி குடித்துவிட்டு வரலாம்.

றெக்கை வைத்த விமானம் சைக்கிள். ஓடினால்தான் சாயாமல் நிற்கும். றெக்கையின் மேல் காற்று ஓடும்வரைதான் அதற்குத் தூக்குவிசை. வேகம் குறைந்தால் தூக்குவிசை குறையும். நின்றால் விழும். பழகுபவர்களின் சாதாரண விமானத்தில் ஜி.பி.எஸ் கிடையாது, தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. கையை எடுத்தால் அப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும், காற்று வேறு எங்காவது தள்ளும்வரை.

இனி அடிக்கடி வரப்போகிற மூன்று சொற்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையில் வைத்திருக்கும் ரிமோட்டின் பெயர் டிரான்ஸ்மிட்டர். விமானத்துக்குள் இருந்து அது சொல்வதைக் கேட்பது ரிசீவர். ரிசீவர் சொன்னபடி றெக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புத் தகடுகளை அசைக்கும் தீப்பெட்டி அளவு மோட்டார், சர்வோ. சில விமானங்களில் ட்ரோனைப் போலவே தானாக நிலைப்படுத்தும் கருவியும் இருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது இல்லை என்று நினைத்துப் பழகுவதே நல்லது.

ஒரு தேங்காயின் கணக்கு

பொம்மை என்ற சொல்லுக்கு வருகிறேன். புதியவர்கள் பழகும் விமானம் சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். அது தாழப் பாய்ந்து வரும்போது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். நொடிக்கு 20 மீட்டர். ஓடும் பொருளில் இருக்கும் ஆற்றலை ஜூல் என்ற அலகில் அளப்பார்கள். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஒன்றரையில் பாதி 0.75, இருபதின் வர்க்கம் 400, ஆக 300 ஜூல்.

300 ஜூல் என்றால் எவ்வளவு? மட்டையோடு ஒன்றரைக் கிலோ இருக்கும் தேங்காய், 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழுந்தால் தரைக்கு வரும்போது 294 ஜூல். கிட்டத்தட்ட அதேதான். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தில்கூட 120 ஜூல்தான் இருக்கும். அதற்கே ஹெல்மெட்டும் பேடும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

வேகம் வர்க்கத்தில் வருவதைக் கவனியுங்கள். அதே விமானம் மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால் ஆற்றல் பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகி 75 ஜூலுக்கு இறங்கிவிடுகிறது. விழப்போகிற விமானத்தின் மோட்டாரை நிறுத்து என்று முதல் நாளே தலையில் அடித்துச் சொல்வது இதனால்தான். கடைசி நொடியில் மோட்டாரை நிறுத்தினாலும் அடியின் பலம் குறையும்.

இப்போது தென்னையை நினைத்துப் பாருங்கள். காய் விழாமல் பார்த்துக்கொள்ள யாரும் முயல்வதில்லை. காய் என்றால் விழும். மரத்துக்கு அடியில் கட்டில் போடாமல் இருக்கிறோம், பறிக்கும் நாளில் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துகிறோம், அவ்வளவுதான். ரேடியோ விமானப் பாதுகாப்பு முழுக்க இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருவது. விமானம் ஒரு நாள் விழும். நன்றாக ஓட்டத் தெரிந்தவருடையதும் விழும், பத்து ரூபாய்த் திருகு ஒன்று கழன்றால் போதும். விழும் இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. விதிகள் அத்தனையும் அதற்காக.

கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் வானம்

சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். பொட்டலில் மாட்டைப் பிடிக்க நிற்பவன் மாட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். வேடிக்கை பார்க்க வந்தவர் பக்கத்து ஆளிடம் போன வருஷக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். மாடு திரும்பினால் யாருக்கு ஆபத்து அதிகம்? விமானக் களத்திலும் பறக்கவிடுபவரின் கண் விமானத்தின் மேல் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் கண் முறுக்கு டப்பாவின் மேல் இருக்கும்.

அதனால் தரையில் ஒரு கோடு. கபடிக் களத்துக்குப் போடுவது போல நாங்கள் சுண்ணாம்புத் தூளில் போடுகிறோம். கோட்டுக்கு முன்னால் ஓடுதளம், அதற்கு அப்பால் வானம். கோட்டின் மேல் பறக்கவிடுபவர்கள் வரிசையாக, ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் விமானங்களைப் பொருத்திப் பூட்டும் இடம், அதற்குப் பெயர் பிட். பிட்டுக்கும் பின்னால் வண்டிகள், புளியமரம், வேடிக்கை பார்ப்பவர்கள். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் வானம் யாருக்கும் இல்லை. எவ்வளவு உயரத்திலும் இல்லை.

எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். களத்துக்குக் களம் மாறும், ஆனால் கணக்கு எளிது. விமானம் நொடிக்கு 20 மீட்டர் போகிறது. 40 மீட்டருக்கு அப்பாலிருந்து அது உங்களை நோக்கித் திரும்பிவிட்டது என்றால் இருப்பது 2 நொடி. ஓட்டுபவருக்கு ஏதோ சரியில்லை என்று உறைக்கவே ஒரு நொடி ஆகும். அவர் கத்த வேண்டும், நீங்கள் நிமிர வேண்டும், எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். இரண்டு நொடி எப்போதோ முடிந்திருக்கும். ஓடித் தப்பிக்கலாம் என்ற பேச்சே கிடையாது, முதலிலேயே தள்ளி நிற்பதுதான் வழி.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சேர்ந்த இரண்டாவது வருஷம், மேற்கிலிருந்து அடித்த காற்று என் விமானத்தைக் கோட்டை நோக்கித் தள்ளியது. விதிப்படி நான் மோட்டாரை நிறுத்தி அதைக் கண்மாய்த் தரையில் குத்தியிருக்க வேண்டும். மூன்று மாதம் இரவெல்லாம் பால்சா மரம் ஒட்டிச் செய்தது, மனம் வரவில்லை. திருப்பிவிடலாம் என்று வளைத்தேன். வட்டம் பெரிதாகி, கோட்டைத் தாண்டி, புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேலே தென்னை உயரத்தில் போய்த் திரும்பியது. கீழே ஒரு அக்கா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. பத்திரமாக இறக்கிவிட்டேன். யாரும் திட்டவில்லை. குழுவில் மூத்தவர் வந்து என் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வாங்கி, அணைத்து, பெட்டிக்குள் வைத்தார். "இன்னைக்குப் போதும் தம்பி." அன்றைக்கு முழுக்க நான் புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கோட்டைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே: பறப்பது எல்லாம் முன்னால், மனிதர்கள் எல்லாம் பின்னால். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் விமானம் போகட்டும்.

சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாத கத்தி

பறக்கும்போது அடிபடுவதைவிட, தரையில் விமானத்தைப் பூட்டும்போது விரல் கிழிபடுவதுதான் அடிக்கடி நடப்பது. காரணம் ப்ராப், அதாவது மூக்கில் இருக்கும் புரொப்பெல்லர். 10 அங்குல ப்ராப் நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வீட்டு மின்விசிறியின் நுனி முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் 80, 90-தான் இருக்கும். அந்த வேகத்தில் ப்ராப் கண்ணுக்கு மங்கலான ஒரு வட்டமாகத் தெரியும், சில வெளிச்சத்தில் அதுவும் தெரியாது.

மின் மோட்டாரைப் பற்றி ஒரு விஷயம். எரிபொருள் எஞ்சினில் ப்ராப் எதிலாவது மாட்டினால் பெரும்பாலும் எஞ்சின் அணைந்துவிடும். மின் மோட்டாரைத் தடுத்தால் அது இன்னும் முறுக்கோடு இழுக்கப் பார்க்கும். பேட்டரி மாட்டிய நொடியிலிருந்து அதை ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாராகவே நினைக்க வேண்டும், அசையாமல் கிடந்தாலும்.

எங்கள் பிட்டில் ஒருமுறை நடந்தது. பேட்டரி மாட்டிய விமானம் தரையில் இருந்தது, டிரான்ஸ்மிட்டர் அதன் பக்கத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. காற்றில் டிரான்ஸ்மிட்டர் குப்புற விழுந்தது. விழுந்தபோது த்ராட்டில் குச்சி, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சி, மேலே தள்ளப்பட்டது. விமானம் கிளம்பிவிட்டது. முன்னால் குனிந்திருந்தவரின் தோளில் கிடந்த துண்டு ப்ராப்பில் சுற்றிக்கொள்ள, அவர் துண்டை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்தார். துண்டு போனது, கழுத்து தப்பியது. அன்றிலிருந்து பிட்டில் துண்டு கிடையாது, தொங்கும் வேட்டி கிடையாது. டிரான்ஸ்மிட்டரைக் கழுத்தில் மாட்டும் பட்டைகூட குனியும்போது கழற்றப்படும். டிரான்ஸ்மிட்டர் எப்போதும் படுத்த நிலையில்தான் இருக்கும். த்ராட்டில் கட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டுவிட்டால் குச்சி எங்கே இருந்தாலும் மோட்டார் சுற்றாது. ஓடுதளத்துக்கு விமானத்தைத் தூக்கிப் போகும்வரை அது போட்டே இருக்க வேண்டும்.

மற்றபடி: ப்ராப்புக்கு முன்னாலோ பக்கத்திலோ நிற்காமல் பின்னால் நில்லுங்கள். உடைந்து தெறித்தால் அது பக்கவாட்டில்தான் தெறிக்கும். வீட்டில் உட்கார்ந்து எதையாவது சரிசெய்வதாக இருந்தால் ப்ராப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். ஒரு நிமிட வேலைதானே என்று நினைக்கும்போதுதான் அது கிழிக்கும்.

கல்யாணக் கூட்டத்தில் உங்கள் பெயர்

இனி ரேடியோ. பழைய காலத்தில் 35 மெகாஹெர்ட்ஸ், 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பறக்கவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சானல். இரண்டு பேர் ஒரே சானலில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் பறந்துகொண்டிருக்கும் விமானம் அங்கேயே கட்டுப்பாடு இழக்கும். அதற்காகக் களத்தில் ஒரு பலகை, சானல் எண் எழுதிய துணிக் கிளிப்புகள். கிளிப் கையில் இல்லாதவர் டிரான்ஸ்மிட்டரைத் தொடக் கூடாது.

இப்போது எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். கல்யாண வீட்டு வளவில் நூறு பேர் பேசினாலும், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தானே திரும்புகிறீர்கள்? அதேபோல ஒரு டிரான்ஸ்மிட்டரையும் ஒரு ரிசீவரையும் முதலில் அறிமுகம் செய்துவைக்கிறோம். அதற்குப் பெயர் பைண்ட். அதன்பின் அந்த ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளம் உள்ள செய்தியை மட்டும் கேட்கும். இரண்டும் பேசிவைத்துக்கொண்டு நொடிக்குப் பல முறை சானல் மாறும் முறைகளும் உண்டு, ஒரு சானலில் இரைச்சல் இருந்தாலும் அடுத்ததில் செய்தி போய்விடும். இதனால் கிளிப் பலகை போனது. சிக்னல் போவதே இல்லை என்ற நினைப்பு வந்தது. அதுதான் சிக்கல்.

சிக்னல் இன்னும் போகும். ஆன்டெனாவின் குச்சியை உளுந்து வடையின் ஓட்டையில் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அலை பரவுவது வடையின் வடிவில். ஓட்டை இருக்கும் திசையில், அதாவது குச்சியின் நுனி நீட்டும் திசையில், அலை மிகக் குறைவு. துப்பாக்கி போல ஆன்டெனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. நீட்டினால் விமானத்துக்கு ஓட்டைதான் கிடைக்கும். ரிசீவரில் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்கோணமாக வைப்பதும் இதற்காகவே. ஒன்றின் ஓட்டையை மற்றதன் வடை மூடிக்கொள்ளும்.

சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் ஏற்பாட்டின் பெயர் ஃபெயில்சேஃப். பந்தியில் அண்ணன் சொன்ன "தானா திரும்பி வந்துரும்" இதைப் பற்றியதுதான். ஜி.பி.எஸ் உள்ள ட்ரோன் திரும்பி வரும். ஜி.பி.எஸ் இல்லாத விமானம் எங்கே திரும்பும்? அதற்கு வீடே தெரியாது. அதன் ஃபெயில்சேஃப் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், மோட்டாரை நிறுத்துவது. முன்பு பார்த்த வர்க்கக் கணக்குதான் இங்கேயும். மோட்டார் நின்றால் வேகம் குறையும், களத்துக்குப் பக்கத்திலேயே விழும். ஃபெயில்சேஃப் கீழே இருக்கும் மனிதருக்கான காப்பீடு. அதை விமானத்துக்கான காப்பீடு என்று நினைத்துத்தான் ஏமாறுகிறார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சில ரிசீவர்களைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டினால், சிக்னல் போகும்போது கடைசியாகக் கேட்டதையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாகக் கேட்டது முழு த்ராட்டில் என்றால்? பேட்டரி தீரும்வரை முழு வேகத்தில், ஓட்டுபவரே இல்லாமல், கண்மாய் தாண்டி, தைலமரக் காடு தாண்டிப் போகும். எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது.

சோதிப்பது சுலபம். ப்ராப்பைக் கழற்றுங்கள். பேட்டரி மாட்டி, த்ராட்டிலைப் பாதி ஏற்றி மோட்டாரைச் சுற்றவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். இரண்டொரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குப் பறக்காதீர்கள், அமைத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். அப்புறம் தூரச் சோதனை. டிரான்ஸ்மிட்டரில் அலையின் பலத்தைக் குறைக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது தப்படி நடந்து, சர்வோக்கள் தடங்கலில்லாமல் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சுவிட்ச் போடும் வரிசையும் இதே காரணத்தால் வந்தது. போடும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், விமானம் பிறகு. அணைக்கும்போது விமானம் முதலில், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். விமானம் விழித்திருக்கும்போது அதோடு பேச ஆள் இல்லாமல் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது.

சுருக்கமாக: 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததால் அடுத்தவர் டிரான்ஸ்மிட்டரால் வரும் ஆபத்துதான் குறைந்தது. ஆன்டெனா, ஃபெயில்சேஃப், தூரம் மூன்றும் இன்னும் உங்கள் பொறுப்பு.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து அழுந்தும். விமானத்திலும் எடை எங்கே சமநிலையாகிறது என்று ஒரு புள்ளி உண்டு, ஈர்ப்பு மையம். பழகும் விமானங்களில் அது பெரும்பாலும் றெக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பின்னால் இருக்கும். அந்த இடத்தில் றெக்கைக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் கிடைமட்டமாக, மூக்கு ஒரு துளி தாழ்ந்து நிற்க வேண்டும். முன்பாரம் உள்ள விமானம் சண்டித்தனமாகப் பறக்கும், பின்பாரம் உள்ள விமானம் ஒரே ஒரு முறைதான் பறக்கும். பேட்டரியை ஒரு அங்குலம் முன்னே பின்னே நகர்த்தினாலே சரியாகிவிடும் விஷயம் இது.

இன்னொரு பத்து நொடி வேலை: தகடுகள் சரியான பக்கம் அசைகின்றனவா? விமானத்துக்குப் பின்னால் நின்று டிரான்ஸ்மிட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது றெக்கையின் தகடு மேலே வர வேண்டும். பழுது பார்த்தபின் இது தலைகீழாக மாறியிருக்கலாம். அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கிளப்பியவர்கள், கிளம்பிய மூன்றாம் நொடியில் தெரிந்துகொள்வார்கள்.

பேட்டரி: சிறிய பொட்டலம், பெரிய கணக்கு

1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்ப்பேச்சில் சிக்ரி, காரைக்குடியிலேயே இருக்கிறது. பேட்டரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு டீக்குப் போகிறோம்.

விமானங்களில் போடுவது லைபோ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. மூன்று செல், 2200 மில்லியாம்பியர்-மணி என்பது சாதாரண அளவு. உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 88,000 ஜூல். பாய்ந்து வரும் விமானத்தின் 300 ஜூலைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு. நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ உள்ளே சூடேறி, புகைந்து, தீப்பிழம்பாக வெளியே வரும். அந்தத் தீயைச் சுலபமாக அணைக்க முடியாது.

ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட், அதற்கு மேல் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது, 3.5 வந்ததும் தரையிறங்கிவிடுவது நல்லது. வாரக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் 3.8. செல்களைத் தனித்தனியாகச் சமன்செய்யும் சார்ஜரில்தான் போட வேண்டும். 2200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், சுமார் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றம் இதற்கு அருமையான இடம், பிடித்தாலும் தரை எரியாது. ஒரு மண்சட்டிக்குள் வையுங்கள். பர்மா தேக்குத் தூணையும் திரைச்சீலையையும் விட்டுத் தள்ளியிருக்கட்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்பளம் மாதிரி உப்பிய பேட்டரிக்கு வேலை முடிந்தது. விழுந்த விமானத்தின் பேட்டரி பார்க்க நன்றாக இருந்தாலும், மணல் வாளியில் போட்டு அரை மணி நேரமாவது தள்ளி வைக்கிறோம். சித்திரையில் கண்மாய்ப் புல் எப்படிக் காய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

இந்தியாவில் இதற்கு 2021-இன் ட்ரோன் விதிகள் இருக்கின்றன. 25 கிலோவுக்கு மேற்படாமல், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பறக்கவிடுவதை அவை மாதிரி விமானம் என்று தனியாகக் குறிப்பிடுகின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வான் வரைபடம் உண்டு. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. பெரிய தலைவர் யாராவது வந்தால் ஓர் இடத்தைத் தற்காலிகமாகச் சிவப்பாக அறிவிப்பதும் உண்டு. ஆகவே போன வாரம் பச்சையாக இருந்தது என்று இருந்துவிடாமல், கிளம்பும் முன் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

களத்துப் பேச்சு, முதல் நாள்

களத்தில் வாய் திறந்து கத்த வேண்டும். கூச்சப்பட்டால் ஆகாது. கிளம்பும்போது "டேக் ஆஃப்", இறங்கும்போது "லேண்டிங்", ஓடுதளத்தில் இறங்கி நடக்கும்போது "ரன்வேல ஆள்". மோட்டார் நடுவானில் நின்றுவிட்டால் "டெட் ஸ்டிக்". அந்தச் சத்தம் கேட்டால் மற்ற எல்லோரும் விலகி வழிவிட வேண்டும், அவருக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கண்மாய்க்குள் இறங்கினால், பறப்பவை எல்லாம் தள்ளி உயரே போய்க் காத்திருக்கும். அவர் நிதானமாகத்தான் போவார். கண்மாய் அவருடையதும்தான்.

முதல் நாள் வருகிறவர் தனியாக ஓட்டுவதில்லை. ஓட்டுநர் பள்ளிக் காரில் சொல்லித் தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோல இரண்டு டிரான்ஸ்மிட்டரை இணைத்துவிடுவோம். கற்றுத்தருபவர் சுவிட்சை விட்டால் கட்டுப்பாடு அவர் கைக்கு வந்துவிடும். புதியவரைக் குழப்புவது விமானம் தன்னை நோக்கி வரும் நேரம்தான், இடமும் வலமும் மாறிவிடும். தாழ்ந்திருக்கும் றெக்கைக்கு முட்டுக் கொடுப்பது போலக் குச்சியை அந்தப் பக்கம் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். பழகும்வரை இரண்டு தப்புக்கு இடமிருக்கும் உயரத்திலேயே இருங்கள். முதல் தப்பைச் செய்ய ஓர் உயரம், அதைச் சரிசெய்யப் போய்ச் செய்யும் இரண்டாவது தப்புக்கு இன்னோர் உயரம்.

காலை ஆறிலிருந்து எட்டரை வரை காற்று அடங்கியிருக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் அம்மியே பறக்கும்போது ஒன்றரைக் கிலோ விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாதம் நாங்கள் பெரும்பாலும் உட்கார்ந்து ஒட்டுவேலைதான் பார்ப்போம்.

கடைசியாக, மரம். மின்கம்பியில் மாட்டினால் தொரட்டி எடுக்காதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பனையில் மாட்டினால் ஏறுபவரைக் கூப்பிடுகிறோம். போன மாதம் வந்தவர் பாதி மரத்தில் நின்றுகொண்டு கேட்டார், "தம்பி, இது இன்னமும் சுத்துமா?" கீழே நின்ற பையன் அதற்குள் டிரான்ஸ்மிட்டரை அணைக்கக் கையைக் கொண்டுபோனான். மூத்தவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். த்ராட்டில் கட் போட்டபடி டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஏறியவர் வாலைக் கயிற்றில் கட்டி இறக்கினார். விமானம் தரையைத் தொட்டது, மூத்தவர் பின்பக்கமாகப் போய் பேட்டரியின் மஞ்சள் கனெக்டரை இழுத்தார். "இப்ப அணை" என்றார் பையனிடம்.